கணக்கில் வராத முடி: பெண்களிடம் ஆண்ட்ரோஜன் மிகைப்பு எவ்வளவு பரவலானது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டத்து ஊரில், தாடையில் முடி முளைக்கத் தொடங்கிய இளம்பெண் முதலில் மருத்துவரிடம் போவதில்லை. அழகு நிலையத்துக்குப் போகிறாள். புருவத்தோடு சேர்த்து மேலுதட்டுக்கும் தாடைக்கும் நூல் போட்டுவிடுகிறார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து அவள் மறுபடியும் அதே நாற்காலியில் உட்காருகிறாள். மாதவிலக்கு மூன்று நான்கு மாதம் தள்ளிப்போனால் 1 ரிங்கிட் கட்டணத்தில் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுகிறாள். முகப்பரு முற்றினால் கடைத்தெருவில் உள்ள தனியார் கிளினிக்கில் களிம்பு வாங்குகிறாள். கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் குழந்தை தங்கவில்லை என்றால் மாமியாரோ கணவரோ துணைக்கு வர ஈப்போவுக்குப் போய் மகப்பேறு நிபுணரைப் பார்க்கிறாள். நான்கு இடங்களிலும் நான்கு குறைகளாகப் பதிவாகும் இவை ஒரே கோளாறின் நான்கு முகங்களாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் பெரும்பாலும் நான்காவது இடத்தில்தான் எழுகிறது. பெண்களிடையே ஆண்ட்ரோஜன் மிகைப்பு எவ்வளவு பரவலானது என்ற கேள்விக்குப் புத்தகங்களில் ஒன்றுக்கொன்று ஒவ்வாத விடைகள் இருப்பதற்கும் இதே சிதறல்தான் பெருங்காரணம். எண்ணிக்கை, யார் எண்ணினார்கள், எந்த வாசலில் நின்று எண்ணினார்கள் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

ஆண்ட்ரோஜன்களை ‘ஆண் ஹார்மோன்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பாதிக் குழப்பம் அந்தப் பெயரிலேயே தொடங்குகிறது, ஏனெனில் எந்தப் பெண்ணின் உடலும் அவை இல்லாமல் இயங்குவதில்லை. ஈஸ்ட்ரோஜனே ஆண்ட்ரோஜனிலிருந்துதான் உருவாகிறது. ஆண்ட்ரோஜன்களில் முக்கியமானது டெஸ்டோஸ்டிரோன். பெண்ணின் இரத்தத்தில் உள்ள டெஸ்டோஸ்டிரோனில் ஏறத்தாழ கால்பங்கு சினைப்பையிலிருந்தும், கால்பங்கு சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளிலிருந்தும் வருகிறது. மீதிப் பாதி, கொழுப்பு, தோல் முதலிய திசுக்களில் முன்னோடிப் பொருள்கள் உருமாறுவதால் கிடைக்கிறது. ஆணிடம் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட அவளிடம் இராது. இருப்பதிலும் பெரும்பகுதி இரத்தப் புரதங்களோடு பிணைந்து செயலற்றுக் கிடக்க, நூற்றில் ஒன்றிரண்டு பங்கு மட்டுமே தனித்து நின்று வேலை செய்கிறது. அந்தச் சிறு பங்கு கூடினாலும், அதை ஏற்கும் மயிர்க்கால் கூருணர்வு கொண்டதாக இருந்தாலும், தாடையிலும் மார்பிலும் அடிவயிற்றிலும் மெல்லிய பூமுடி தடித்துக் கறுக்கிறது. எண்ணெய்ச் சுரப்பிகள் பெருத்துப் பரு வருகிறது. உச்சந்தலையில் முடி மெலிகிறது. கருமுட்டை முதிர்ந்து வெளிப்படும் ஒழுங்கு குலைகிறது.

இந்தக் கோளாறுகளில் மிகப் பெரியது பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பைப் பல்நீர்க்கட்டி நோய்க்குறி. உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் தந்த கணக்கின்படி, குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் 8% முதல் 13% வரையானோருக்கு அது இருக்கிறது. அவர்களில் 70% வரை தமக்கு அது இருப்பதை அறியாதவர்கள். இந்த இரண்டாவது எண்தான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், அந்த வயதுப் பெண்கள் 300 பேர் இருப்பதாகக் கொண்டால், 24 முதல் 39 பேருக்கு இது இருக்கவேண்டும். அந்த 70% அப்படியே பொருந்தினால், அவர்களில் 7 முதல் 12 பேர் மட்டுமே அதை அறிந்திருப்பார்கள். மற்றவர்கள் முடியையும் பருவையும் தள்ளிப்போகும் மாதவிலக்கையும் தத்தம் உடல்வாகு என்றே எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

8% என்பதும் 13% என்பதும் ஏன் இவ்வளவு விலகி நிற்கின்றன என்று கேட்டால், கதையைச் சிகாகோவிலிருந்து தொடங்கவேண்டும். 1935-இல் இர்விங் ஸ்டைன், மைக்கேல் லெவந்தால் என்னும் இரு மருத்துவர்கள் 7 பெண்களைப் பற்றி எழுதினார்கள். மாதவிலக்கு நின்றுபோன அந்தப் பெண்களின் சினைப்பைகள் பருத்திருந்தன. பலருக்கு முகத்தில் முடியும் இருந்தது. சினைப்பையிலிருந்து ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்ததும் ஏழு பேருக்கும் மாதவிலக்கு திரும்பியது, இருவர் கருவுற்றார்கள். அந்த விளைவு மருத்துவ உலகை மயக்கியது. நோயின் பெயரும் கருத்தும் சினைப்பையோடு ஒட்டிக்கொண்டன. ஆனால் ‘நீர்க்கட்டி’ என்று சொல்லப்படுபவை கட்டிகளே அல்ல. முதிராமல் பாதியில் நின்றுபோன கருமுட்டை நுண்ணறைகள்தான் ஸ்கேனில் மணிமாலைபோல் தெரிகின்றன. 2012-இல் அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகம் கூட்டிய வல்லுநர் குழுவே இந்தப் பெயர் வழிதவறச் செய்கிறது, மாற்றவேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் ஊர்ப் பக்கம் இந்தச் செய்தி வீடுவீடாகப் பயணம் செய்யும்போது ‘கர்ப்பப்பையில கட்டியாம்’ என்று மாறிவிடுகிறது. உறுப்பும் தவறு, பொருளும் தவறு. வரன் பார்க்கும் வயதில் ஒரு பெண்ணைப் பற்றி அப்படி ஒரு சொல் கிளம்பினால் அது அவளுக்கு என்ன செய்யும் என்பதை விளக்கவேண்டியதில்லை. தாய்மார்கள் மகளை ஸ்கேனுக்கு அனுப்பத் தயங்குவதன் நியாயம் அதில் பாதி இருக்கிறது.

1990-இல் அதே அமெரிக்கக் கழகத்தின் ஆதரவில் கூடிய ஒரு மாநாடு முதல் வரையறையைத் தந்தது: ஆண்ட்ரோஜன் மிகைப்பும் இருக்கவேண்டும், கருமுட்டை வெளிப்படுவதில் ஒழுங்கின்மையும் இருக்கவேண்டும், வேறு நோய்கள் இல்லையென உறுதியாகவேண்டும். 2003-இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் கூடியவர்கள் ஸ்கேனில் தெரியும் சினைப்பைத் தோற்றத்தையும் சேர்த்து, மூன்றில் ஏதேனும் இரண்டு போதும் என்றார்கள். அதனால் ஆண்ட்ரோஜன் மிகைப்பே இல்லாத ஒரு பெண்ணும் இந்த நோய்க்குறிக்குள் வந்துவிட்டாள். இதை ஏற்காத ஆண்ட்ரோஜன் மிகைப்பு ஆய்வுச் சங்கம் 2006-இல், ஆண்ட்ரோஜன் மிகைப்பு இல்லாமல் இந்த நோய் என்று சொல்லக்கூடாது என அறிவித்தது. பெண்கள் மாறவில்லை, கோடு போட்டவர்கள் மாறினார்கள். பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் வெளியான ஒரு பகுப்பாய்வில் 1990 வரையறையின்படி 6%, மற்ற இரண்டின்படியும் ஏறத்தாழ 10% என்று கணக்கு வந்தது. எனவே நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் ‘இருபதில் ஒருவர்’ என்றும் ‘பத்தில் ஒருவர்’ என்றும் மாறிமாறிப் படிக்கும்போது, நோய் பெருகிவிட்டதாக உடனே முடிவுகட்டவேண்டாம். எந்த அளவுகோல் என்று முதலில் பார்ப்பது நல்லது.

அடுத்த சிக்கல் வாசல். மகப்பேறு நிபுணரிடம் வரும் பெண்களிடையே எண்ணினால் விழுக்காடு உயரும், ஏனென்றால் குறை இருப்பவர்கள்தான் அங்கே வருகிறார்கள். இதைத் தவிர்க்க, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ரிக்கார்டோ அஸீஸ் குழுவினர் ஒரு நல்ல வழியைக் கண்டார்கள். பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேருமுன் கட்டாய உடற்பரிசோதனைக்கு வந்த 400 பெண்களை அவர்கள் பார்த்தார்கள். முடிக்காகவோ மாதவிலக்குக்காகவோ வராத பெண்கள் அவர்கள். 2004-இல் வெளியான அந்த ஆய்வில், கடுமையான 1990 வரையறையின்படியே 6.6% பேருக்கு இந்த நோய்க்குறி இருந்தது. தொழிற்சாலை வேலைக்கும் மேற்படிப்புக்கும் முன்பாக நம் பெண்களும் இத்தகைய பரிசோதனைக்குப் போகிறார்கள். சிறுநீரும் மார்பு எக்ஸ்ரேயும் பார்க்கப்படும் அந்த அரைமணி நேரத்தில் ‘வருடத்தில் எத்தனை முறை மாதவிலக்கு வருகிறது’ என்ற ஒரு கேள்வியைச் சேர்த்தால் எவ்வளவோ தெரியவரும். மலேசியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெண் ஊழியர்களிடையே நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில் 12.6% என்று வந்தது. ஊழியர்களையே பார்த்தார்கள் என்பதால் அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. ஆனால் பல்கலைக்கழக அலுவலகத்தில் இருப்பவர்களும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் இருப்பவர்களும் ஒன்றல்லர் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

ஆண்ட்ரோஜன் மிகைப்பு உள்ளவர்கள் எல்லோருக்கும் இதே நோய்க்குறிதான் என்றும் இல்லை. அஸீஸ் குழுவினரே ஆண்ட்ரோஜன் மிகைப்புக் குறிகளோடு வந்த 873 பெண்களைத் தொடர்ச்சியாக ஆராய்ந்து 2004-இல் எழுதிய மற்றொரு கட்டுரையில், 82% பேருக்குப் பி.சி.ஓ.எஸ். இருந்தது. ஏறத்தாழ 7% பேருக்கு ஹார்மோன் கூடியிருந்தும் கருமுட்டை ஒழுங்காக வெளிப்பட்டது. ஏறத்தாழ 5% பேருக்கு ஹார்மோனும் மாதவிலக்கும் சரியாக இருக்க, முடி மட்டும் வளர்ந்தது. அவர்களுடைய மயிர்க்கால்களின் கூருணர்வே அதற்குக் காரணமாக இருக்கலாம். 3% அளவில் இன்சுலின் எதிர்ப்பு மிகக் கடுமையாகித் தோல் கறுத்தவர்கள். அட்ரீனல் சுரப்பியில் ஒரு நொதி பிறவியிலேயே குறைந்து, இளவயதில் தாமதமாக வெளிப்படும் வகை 2%-க்கும் குறைவு. ஆண்ட்ரோஜன் சுரக்கும் புற்றுக்கட்டி 0.2%. அந்த நொதிக் குறை இனத்துக்கு இனம் பெரிதும் மாறக்கூடியது. அஷ்கெனாசி யூதர்களிடையே 27 பேரில் ஒருவருக்கு இருப்பதாக 1985-இல் மதிப்பிட்டார்கள். பி.சி.ஓ.எஸ். என்று எழுதிக்கொடுக்குமுன் 17-ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோன் என்னும் இரத்தப் பரிசோதனை கேட்கப்படுவது அதைப் பிரித்தறியத்தான். தைராய்டும் புரோலாக்டினும் பார்க்கப்படுவதும் இதே நோக்கத்துக்குத்தான்.

முடியை எண்ணுவதே ஒரு தனிக் கலை. 1961-இல் லண்டனில் ஃபெரிமன், கால்வே என்னும் இருவர் உடலின் 11 இடங்களில் முடியின் அடர்த்திக்கு 0 முதல் 4 வரை புள்ளி தரும் முறையை உருவாக்கினார்கள். 1981-இல் வேறு ஆய்வாளர்கள் முன்கையையும் கெண்டைக்காலையும் நீக்கி அதை 9 இடங்களாகச் சுருக்கினார்கள். மொத்தம் 36 புள்ளி. நெடுங்காலம் 8 புள்ளி வந்தால்தான் மிகைமுடி என்று கொள்ளப்பட்டது. மரபைப் பொறுத்து உடல்முடி மாறும் என்பதால், 2023-இல் புதுப்பிக்கப்பட்ட பன்னாட்டு வழிகாட்டி 4 முதல் 6 வரையே போதுமான எல்லை என்கிறது. ஒரே வகுப்பறையில் உட்காரும் சீன மாணவிக்கும் தமிழ் மாணவிக்கும் இரத்தத்தில் ஹார்மோன் ஒரே அளவாக இருக்கையில் முகத்தில் முடி ஒரே அளவாக இருக்காது. ஆகவே மலேசியா போன்ற நாட்டில் முடியை மட்டும் பார்த்து எடைபோட்டால், கிழக்காசிய மரபினர் பலர் தப்பிவிடுவார்கள். தெற்காசிய மரபினர் சிலர் நோய் இல்லாமலே உள்ளே வந்துவிடுவார்கள்.

எந்த அளவுகோலாக இருந்தாலும், முகத்தில் முடி இருந்தால்தானே புள்ளி போடமுடியும். அழகு நிலையத்து நாற்காலியிலிருந்து நேற்று எழுந்து வந்தவளின் தாடையில் பூச்சியம்தான் தெரியும். கேட்கவேண்டியது மருத்துவர் கடமை. எத்தனை நாளுக்கு ஒருமுறை நூல் போடுகிறீர்கள் என்ற கேள்விக்கு வரும் விடை, இரத்தப் பரிசோதனைத் தாள் சொல்வதைவிடச் சில வேளைகளில் அதிகம் சொல்லும். ஏனெனில் பல ஆய்வுக்கூடங்களில் உள்ள டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனை முறைகள் ஆணின் அளவுக்கு ஏற்றவை. பெண்ணிடம் உள்ள சிற்றளவை அளக்கும்போது தடுமாறுகின்றன. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவளிடம் அளவு தாழ்ந்தே காட்டும். மாத்திரையை நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் கழித்துத்தான் அளக்கவேண்டும். சிரைப்பதாலோ நூல் போடுவதாலோ முடி தடிக்கும் என்பது, கஸ்தூரி மஞ்சளோடு சேர்ந்து தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை. முடி தடிப்பது உள்ளே இருக்கும் காரணம் தொடர்வதால்தான்.

இங்கே ஓர் இடைச்செருகல் தேவைப்படுகிறது. இரவுச் சந்தையிலும் இணையத்திலும் பெயர் தெரியாத டப்பாக்களில் விற்கும் முகவெளுப்புக் களிம்புகளில் பீட்டாமெத்தாசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து தடைசெய்திருக்கிறது. அவற்றை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, பரு கிளம்பி, பூசிய இடமெங்கும் மெல்லிய முடி படரும். பார்வைக்கு ஆண்ட்ரோஜன் மிகைப்புப்போல் தெரிந்தாலும் அது வேறு. மார்பிலும் அடிவயிற்றிலும் ஒன்றும் இராது, மாதவிலக்கும் தவறாது. கணக்கெடுப்பில் இவர்கள் தவறாகச் சேர்ந்துவிடக்கூடும்.

தெற்காசியப் பெண்களிடம் இந்தக் கோளாறு ஏன் இளவயதிலேயே, கடுமையாகத் தோன்றுகிறது என்பதற்கு விடை இன்சுலினை ஒட்டியது. 1921-லேயே பாரிஸில் ஆஷார், தியர் என்ற இருவர் ‘தாடியுள்ள பெண்களின் நீரிழிவு’ என்று எழுதியிருந்தார்கள். உலகம் அதை அறுபது வருடம் தனித்த விந்தையாகவே பார்த்தது. உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலினுக்குச் சினைப்பை மட்டும் செவிடாகிவிடுவதில்லை. மூளையடிச் சுரப்பியிலிருந்து வரும் எல்.எச். ஹார்மோனோடு சேர்ந்து அது சினைப்பையை ஆண்ட்ரோஜன் உற்பத்திக்கு உந்துகிறது. அதே இன்சுலின், டெஸ்டோஸ்டிரோனைப் பிணைத்து வைக்கும் புரதத்தை ஈரல் உண்டாக்குவதையும் குறைத்துவிடுகிறது. உற்பத்தியும் கூடி, கட்டும் குறைந்தால், தனித்துத் திரியும் பங்கு இரண்டு வழியிலும் உயர்கிறது. பிரிட்டனில் வாழும் இந்தியத் துணைக்கண்ட மரபுப் பெண்களிடையே 1998-இல் வெளியான ஓர் ஆய்வு, 52% பேருக்கு ஸ்கேனில் பல்நுண்ணறைத் தோற்றம் இருப்பதைக் கண்டது. தோற்றம் மட்டுமே நோயாகாது என்றாலும் எண் பெரியது.

மலேசியாவில் 2019-இல் நடந்த தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வில் பெரியவர்களில் 18.3% பேருக்கு இனிப்புநீர், அதாவது நீரிழிவு, இருந்தது. இந்தியர்களிடையே மட்டும் அது 31.4%. தாயின் இனிப்புநீரும் மகளின் தாடைமுடியும் ஒரே கிளையில் காய்த்தவை என்று சொன்னால் வீட்டில் நம்பமாட்டார்கள். ஆனால் அவளுடைய கழுத்தைப் பாருங்கள். பிடரியிலும் அக்குளிலும் வெல்வெட்டுப்போல் தடித்துக் கறுத்திருக்கும் தோல், இன்சுலின் எதிர்ப்பின் வெளித்தடம். ‘கவரிங் சங்கிலி போட்டதால் வந்தது’, ‘அழுக்கு, எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்’ என்று அதைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும் பிள்ளைகளை எத்தனையோ பேர் பார்த்திருப்போம். விடிவதற்குள் எழுந்து 400, 500 ரப்பர் மரம் சீவிவிட்டுப் பால் வாளியோடு நடந்த பாட்டியின் மரபணுவும், தொழிற்சாலைப் பேருந்தில் போய்ப் பன்னிரண்டு மணிநேர வேலைமாற்றில் உட்கார்ந்து, இடைவேளையில் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரேக்கும் நாசி லெமாக்கும் சாப்பிடும் பேத்தியின் மரபணுவும் ஒன்றுதான். பாட்டிக்கும் இந்தப் போக்கு இருந்திருக்கலாம். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸரிடம் மாதவிலக்கைப் பற்றிப் பேசிய பெண்கள் அரிது, யாரும் அளக்கவுமில்லை. ஒல்லியான பெண்களுக்கும் இது வரும் என்பதால், எடையைக் காட்டி யாரையும் குற்றவாளியாக்குவது முறையாகாது. ஆயினும் எடை கூடியவர்களுக்கு 5% குறைந்தாலே மாதவிலக்கு பலருக்குத் திரும்புகிறது.

முடியைவிட இந்த இனிப்புநீர்த் தொடர்பே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 254 அமெரிக்கப் பெண்களிடம் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களில் 31.1% பேருக்குச் சர்க்கரை தாங்கும் திறன் குறைந்திருந்தது, 7.5% பேருக்கு நீரிழிவே வந்திருந்தது. வெறும் வயிற்றுப் பரிசோதனை மட்டும் செய்திருந்தால் அந்த நீரிழிவில் பாதிக்கு மேல் தெரியாமல் போயிருக்கும். அதனால்தான் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணிநேரம் கழித்து இரத்தம் எடுக்கும் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. கர்ப்பிணிகளுக்கு அதைச் செய்யும் அதே கிளினிக்கில் இருபது வயதுப் பெண்ணுக்கும் செய்யலாம்.

பூப்பெய்திய பெண்ணின் மாதவிலக்கு முதல் ஒன்றிரண்டு ஆண்டு ஒழுங்கற்று இருப்பது இயல்பு. சடங்கு முடிந்து மூன்று ஆண்டு கடந்தும் இடைவெளி 35 நாளைத் தாண்டினாலோ வருடத்துக்கு எட்டு முறைக்குக் குறைவாக வந்தாலோ அது இயல்பல்ல. அந்த வயதில் ஸ்கேன் உதவாது. முதல் மாதவிலக்கிலிருந்து எட்டு ஆண்டுவரை ஆரோக்கியமான சினைப்பையும் பல்நுண்ணறையோடு தெரியும் என்பதால், மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் மிகைப்பு இரண்டும் சேர்ந்திருந்தால் மட்டுமே நோய் என்று சொல்லவேண்டும். ‘கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்’ என்ற ஆறுதலில் பத்து ஆண்டு கழிந்தால், கருமுட்டை வெளிப்படாத மாதங்களில் கருப்பையின் உள்வரி உதிராமல் தடித்துக்கொண்டே போகும். அதில் புற்று தோன்றும் வாய்ப்பு உயர்கிறது. மருந்துகள் உண்டு: மாதவிலக்கையும் முடியையும் கட்டுப்படுத்தக் கூட்டுக் கருத்தடை மாத்திரை, தேவைப்பட்டால் ஆண்ட்ரோஜன் தடுப்பான், இன்சுலினுக்கு மெட்ஃபார்மின், குழந்தைக்குக் காத்திருப்பவர்களுக்கு லெட்ரோசோல். முடிக்கு மட்டும் குறைந்தது ஆறு மாதம் பொறுக்கவேண்டும், ஏனெனில் ஒரு முடியின் வாழ்நாள் அவ்வளவு நீளம். இரண்டு வாரத்தில் பலன் தரும் நூலோடு ஆறு மாத மாத்திரை போட்டிபோட முடியாமல் பலர் இடையிலேயே விட்டுவிடுகிறார்கள்.

கடைசியாக அந்த 0.2%. சினைப்பையிலோ அட்ரீனலிலோ கட்டி தோன்றினால் முடி ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வதில்லை. சில மாதங்களுக்குள் முகமெங்கும் பரவும், குரல் தடிக்கும், முன்னந்தலை ஏறும், தசை முறுக்கேறும். மாதவிலக்கு நின்ற வயதுப் பெண்ணிடம் புதிதாக முடி வளர்ந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். அத்தகையவள் நூல் போட வரும் இடைவெளி மூன்று வாரத்திலிருந்து இரண்டாகி, ஒன்றாகிச் சுருங்கிக்கொண்டே வரும். கிளினிக்கின் கோப்பில் அது ஏறுவதற்கு வெகுமுன்பே அதைக் கண்ணால் காண்பவள், நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்தபடி அவள் தாடையருகே குனிந்திருக்கும் அழகு நிலையத்துப் பெண்தான்.